ஹாரன் இல்லாத வழி

திருத்தணியில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு ரகம். வேறு வண்டிக்கு வசதியில்லாதவர்கள் ஒரு ரகம். சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் விரட்டியதால் ஓட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. கியர் சைக்கிள், ஹெல்மெட், முட்டிக்கு மேல் நிற்கிற டவுசர் என்று ஏக தடபுடலாக ஆரம்பித்தேன். அரக்கோணம் ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு நடுத்தர வயது ஆள் அந்த டவுசரில் எப்படித் தெரிவான் என்பதை என் மனைவி மனோன்மணி தெருவுக்கே விளக்கிச் சொல்லிவிட்டாள்.

பக்கத்துத் தெரு துளசிங்கம் அண்ணன் இந்த இரண்டிலும் சேராதவர். பிடிக்கும், அதனால் ஓட்டுகிறார், அவ்வளவுதான். பவர்லூம் தறிக்காரர். அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. அன்று காலையில் தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, கனகம்மாசத்திரம் வழியாக, மணவூரில் இருக்கிற மகள் சுசித்ரா வீட்டுக்குப் போவார். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மாதம் முழுக்க தறி ஓட்டுகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

அவருக்குக் காது கேட்காது. சின்ன வயதிலிருந்து தறி ஷெட்டில் நின்றால் யாருக்குத்தான் கேட்கும். ஷெட்டுக்குள் அது ஒரு குறையே இல்லை. அங்கே எல்லோரும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். வெளியே வந்தால்தான் சங்கடம். காது மிஷின் வாங்கினார். சைக்கிளில் ஏறினால் காற்று அதற்குள் புகுந்து இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

போன வருஷம் திருப்பதி ரோட்டில் ஒரு லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. ரோட்டில் போன அத்தனை பேரும் கேட்டார்கள், இவரைத் தவிர. லாரியின் கண்ணாடி தோளில் இடித்துப் பள்ளத்தில் போய் விழுந்தார். தோள் எலும்பில் விரிசல். கட்டுப் பிரித்த அன்றே அவர் மனைவி கமலா சைக்கிளைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். கமலா அண்ணியைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் பார்த்தேன்.

அதன் பிறகு இரண்டு தடவை பஸ்ஸில் மணவூருக்குப் போனார் துளசிங்கம். மூன்றாவது அமாவாசையிலிருந்து போகவே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்புவதும் நின்றுபோயிற்று. கேட்காததால் அல்ல, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. வண்டியே போகாத வழி ஒன்று இருந்தால் அண்ணியிடம் பேசிப் பார்க்கலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

வழி தேடுவது என்றால் சும்மா இல்லை. போன் மேப்பை நம்பி நான் அவரை வேலிக்காத்தான் புதருக்குள் கொண்டு போய் நிறுத்தினேன். தனக்குத் தெரியும் என்று அவர் என்னை யாரோ ஒருவருடைய கரும்புத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். தோட்டக்காரன் வைத வசவு முழுவதும் எனக்குத்தான் கேட்டது. எனக்குச் சர்ச்சில் ஆராதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து நடந்து, கடைசியில் வழி அமைந்தது. ஊருக்குப் பின்னால் இறங்கி நந்தியாற்றங்கரை, அப்புறம் ஒரு நீண்ட ஏரிக்கரை, அதற்கப்புறம் கொசஸ்தலை ஆற்றை ஒட்டி மணவூர் வரை. மாட்டுவண்டி போகிற அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், கரும்பு, வேர்க்கடலை. ஒரே ஓர் இடத்தில்தான் தார் ரோட்டைக் குறுக்கே தாண்ட வேண்டும்.

கமலா அண்ணி முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு சேந்துகினு எத வேணா சொல்லுவீங்க. நானே பின்னாடி உக்காந்துகினு வரேன். என் காது நல்லாதான் கீது. ஹாரன் சத்தம் ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்கு. சம்மதமான்னு கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஆங்" என்றார். தார் ரோட்டில் கேட்கிற சத்தம் கணக்கில் வராது, அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒரு சலுகை மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

மழை விட்ட பிறகு வந்த அமாவாசை. நான் லீவு போட்டேன். கேரியரில் துண்டை மடித்துப் போட்டு அண்ணி ஒருக்களித்து உட்கார்ந்தார். கரைமேல் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். கேட்பதற்கு என்று வந்த ஆள், கண்ணால் என்ன வேலை என்று நினைத்தாரோ என்னவோ.

அண்ணனுடைய இடத்திலிருந்து பார்த்தால் அது சத்தமில்லாத வழி. உண்மையில் அங்கே அப்படி ஒரு சத்தம். கரும்புத் தோகை ஒன்றோடொன்று உரசுகிறது, பம்புசெட் ஓடுகிறது, மயில் தொண்டை கிழியக் கத்துகிறது, மதகில் தண்ணீர் விழுகிறது. நான் இத்தனை நாள் சைக்கிள் ஓட்டியும் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டதில்லை. அன்று ஒவ்வொரு சத்தமும் ஹாரனாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்டேன்.

ஏரிக்கரை பாதி தாண்டியபோது அண்ணன் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். மனசுக்குள் வேண்டுகிறோம் என்றுதான் அவர் நினைப்பு. தன் குரல் தனக்கே கேட்காதவருக்கு உள்ளே எது, வெளியே எது என்று எப்படித் தெரியும். எங்கள் சர்ச்சில் மைக் வைத்துக்கூட அவ்வளவு சத்தமாக யாரும் ஜெபம் பண்ணியதில்லை.

"முருகா, மணவூர் வரிக்கும் ஒண்ணும் வராம பாத்துக்கோ. பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் எதுனா கேக்கறான், நான் ஈன்னு இளிச்சிகினு கீறேன். வூட்லயும் அதே கதிதான். சைக்கிள்ல போறவன்கிட்ட யாரும் பேசறது இல்ல. இதுல ஏறினாதான் நானும் மத்தவங்க மாதிரி. எறக்கி வுட்றாதப்பா."

அண்ணி கண்ணைத் திறந்தார். வெகுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி வருசத்துல என்கிட்ட ஒரு வார்த்த சொன்னது இல்ல, ஸ்டீவு" என்றார் என்னிடம். நான் கொஞ்சம் பின்தங்கி மிதித்தேன்.

தார் ரோட்டைத் தள்ளிக்கொண்டு தாண்டினோம். கொசஸ்தலைக் கரையில் தண்ணீர் கண்ணுக்கு எட்டியவரை பளபளவென்று கிடந்தது. நாரைகள் நின்றன. மணவூர் ஸ்டேஷன் பக்கத்து மரங்கள்கூடத் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தபோது பின்னாலிருந்து வந்தது, பாங்க், பாங்க் என்று.

மீன்காரன். மொபெட்டில் பின்னால் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். அண்ணியின் கை தன்னால் போய் அண்ணனின் இடது தோளை அழுத்தியது. அவர் ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றினார். ஆற்றுப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மீன்காரன் எங்களைத் தாண்டும்போது மரியாதைக்கு இன்னொரு தடவை பந்தை அமுக்கிவிட்டுப் போனான். வண்டி போனது அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். ஹாரன் அடித்தானா இல்லையா என்பது தெரிய வழியில்லை என்று நான் கணக்குப் போட்டேன். அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சுசித்ரா வாசலிலேயே காத்திருந்தாள். பந்தயம் அவளுக்கும் தெரியும்.

"இன்னாம்மா, ஹாரன் கேட்டுதா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணும் இல்லம்மா. காத்து சத்தம், மயில் சத்தம், அவ்ளோதான்." அண்ணன் படிக்க வசதியாக உதட்டை நன்றாக விரித்துச் சொன்னேன். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே என்ற தைரியம்.

அண்ணி தண்ணீர் வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். புருஷன் முன்னால் போய் நேருக்கு நேர் நின்றார்.

"கேட்டுது" என்றார். "மீன்காரன் வண்டி. ரெண்டு தரம் அட்ச்சான்."

சுசித்ரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அண்ணன் தலையை ஆட்டினார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதிலிருந்து விலகி நின்றுகொண்டார்.

"பேச்சுன்னா பேச்சுதான். இரும்புக் கடைக்குப் போட்று."

"போட்டுட்டா நான் எதுல வர்றதாம்?" என்று அண்ணி அவர் தோளைத் தட்டிக் காட்டினார்.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று அவர் மகளைப் பார்த்தார். அவள் கேரியரைக் காட்டி, அம்மாவைக் காட்டி, "அம்மாவும் வராங்களாம், நைனா. பின்னாடி வண்டி வந்தா தோள்ல தட்டுவாங்களாம்" என்றாள்.

துளசிங்கம் யோசித்தார். சும்மா யோசித்தார் என்று சொல்லக்கூடாது. உலகத்தில் தனியாக அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த சீட்டு.

"மேட்டுல எறங்கி நடக்கணும்."

"நடக்கறேன்."

"தொணதொணன்னு பேசிகினு வருவ."

"பேசினா உங்களுக்கா கேக்கப்போவுது."

சுசித்ரா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சாப்பாடு முடிந்து வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். அண்ணி வாக்குத் தவறவில்லை, அந்த முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். நான் கொஞ்சம் மனத்தாங்கலோடு பின்னால் மிதித்தேன். உதவி செய்யப்போய்ப் பொய்யன் என்று பெயர் வாங்கியது யாருக்குத்தான் பிடிக்கும்.

தார் ரோட்டுக்கு முன்னால் அண்ணி பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கியபோது, அண்ணன் மறுபடியும் மனசுக்குள் வேண்ட ஆரம்பித்தார். எதிர்க்கரையில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"முருகா, மீன்காரன் பந்த அமுக்கினத நான் ஓரக்கண்ணால பாத்துட்டேன். கேக்கலன்னு அவ சொல்லியிருந்தாலும் சைக்கிள் மிஞ்சியிருக்கும். ஆனா அதுக்கப்புறம் அவ எது சொன்னாலும், செவிடனுக்குச் சொல்ற பேச்சு இதுன்னுதான் நெனச்சிருப்பேன். ஸ்டீவு நல்ல பையன், அவன் அப்பிடித்தான் சொன்னான். கமலா சொல்லல."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கியரை மாற்றுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.