திரையில் ரெண்டு, உள்ளே ஒண்ணு

எங்கள் ஓசூர் ஃபேக்டரியில் ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கிறது. கடைசல் மெஷின்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் கொடுக்க அதை விட்டால் வேறு வழி கிடையாது. அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆனால் எங்கள் மேனேஜருக்கு அது குலதெய்வம். "இத்தனை வருஷத்துல ஒரு தொந்தரவு குடுத்திருக்கா?" என்பார். எப்படிக் கொடுக்கும்? மனுஷர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

போன ஆயுத பூஜைக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி உட்கார வைத்தோம். அதில் ஏற்றிய அன்றிலிருந்து அந்தப் பழைய சாஃப்ட்வேருக்குப் பேய் பிடித்தது. திரையை மேலே கீழே நகர்த்தினால் ஒரே வரி இரண்டு முறை தெரியும். ஒன்று நிஜம், இன்னொன்று அழியாமல் ஒட்டிக்கொண்ட பிம்பம். விண்டோவை மினிமைஸ் பண்ணித் திரும்பத் திறந்தால் பிம்பம் போய்விடும். சரி பண்ணலாம் சார் என்றால், "அதான் மினிமைஸ் பண்ணா போவுதில்ல, அப்புறம் என்னாத்துக்கு அதுல கை வைக்கறீங்க?" என்றார். பி.இ. படித்த நாலு பேர் நாள் முழுக்க மூடி மூடித் திறந்தோம். தலையெழுத்து.

என் பக்கத்து சீட்டில் தூத்துக்குடித் தம்பி ஒருவன். வேலை நிலைத்துவிட்டது என்று நம்பி, பாகலூர் ரோட்டில் வீடு பிடித்து, பெண்டாட்டி பிள்ளையை அப்போதுதான் கூட்டி வந்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் அவன் தலைக்கு மேல் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறந்த பறப்பில், மூடித் திறக்க மறந்துவிட்டான். டூலைக் குளிர வைக்கும் கூலண்ட் பம்பை ஓட விடும் வரி இரண்டாகத் தெரிந்தது. யாரோ தெரியாமல் ரெண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை அழித்தான். போனது நிஜம், நின்றது பிம்பம். பம்ப் ஓடவில்லை, சூடேறி டூல் உடைந்தது, அந்த ஷிஃப்ட் முழுக்க மெஷின் நின்றது.

"ஏன்ரீ இது!" என்று மேனேஜர் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். "திங்கட்கிழமையில இருந்து நீ வர வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! சனிக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்து, அந்த சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் இருந்த ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழைய சாஃப்ட்வேர்களுக்காக நிறத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன். திரை கொஞ்சம் வெளிறியது, பேய் ஓடிவிட்டது. அட கர்மமே, இவ்வளவுதானா!

உடனே சொல்லிவிடவில்லை. டிக்கை எடுத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், பம்ப் வரி ரெண்டு தெரியுது பாருங்க. ஒண்ணை நீங்களே அழிச்சிடுங்க."

"இதுக்கும் நானேதான் வரணுமா?" என்று அலுத்துக்கொண்டு அழித்தார். நான் மூடித் திறந்தேன். ஒரு வரியும் இல்லை.

"பம்ப் எங்க சார்?"

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏ.சி.யைப் பார்த்தார். "ஏன்ரீ இது..." என்றார், இந்த முறை சன்னமாக.

"அப்போ திங்கட்கிழமை யார் வர வேணாம் சார்?" வாய் வரைக்கும் வந்தது. அடக்க முடியவில்லை, கேட்டே விட்டேன். விறுவிறுவென்று கேபினுக்குள் போய்விட்டார். அழிந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்து, டிக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை தம்பியை வரச் சொல்லியிருந்தார்கள். கேபின் வாசலிலேயே நிறுத்தி மேனேஜர் அருள் வாக்கு சொன்னார்: "சிஸ்டத்துல சின்னக் கோளாறு. நான் பாத்து சரி பண்ண வெச்சுட்டேன். இனிமேலாவது கவனமா இரு."

"ரொம்ப தேங்க்ஸ் சார். இனிமே இப்படி நடக்காது சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான் இவன்.

சீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னாத்துக்குடா அந்தாளுக்கு தேங்க்ஸ்? நீ என்ன தப்பு பண்ண?"

அவன் கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா பேசுங்கக்கா, அவருக்குக் கேட்டுடப் போவுது."