சத்தம் வராத நாள்

பேனா அளவில் ஒரு டார்ச். பின்பக்கத்தை அழுத்தினால் எரியும். மூடி லூசாகிவிட்டதால் அதைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரி அழுக்கேறிப் பழுப்பாகியிருக்கும். நோயாளிகளின் தொண்டைக்குள் அடித்துப் பார்ப்பதற்காகச் சிஸ்டர் வைத்திருந்தது அது. ஏலத்தோட்டத்துப் பெண்களின் எத்தனையோ தொண்டைகளைப் பார்த்த அந்த டார்ச், ஒருநாள் என் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தையும் பார்த்தது. நான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான்.

கம்பத்திலிருந்து மலையேறி, மெட்டு என்கிற முகட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே ஓர் ஏலத்தோட்டத்து மருந்தகத்தில் நான் மருந்து கொடுப்பவன், சிஸ்டர் ஊசி போடுபவர். அந்தக் கட்டடத்தில் நாங்கள் இரண்டே பேர்தான். அவருக்குக் காமயகவுண்டன்பட்டி. டவுன் பஸ் பிடித்துக் கம்பம் வந்து இறங்குவார், அங்கிருந்து என் வண்டியில் ஏறிக்கொள்வார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தம்பி என்று கூப்பிடுவார், ஆனால் நீங்க என்றுதான் பேசுவார். ஒரு ஆணும் பெண்ணும் ஒரே வண்டியில் போனால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லைதான். சிஸ்டர் தன் பெரிய கைப்பையை எங்கள் இருவருக்கும் நடுவே மதில் மாதிரி நிறுத்தி வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்து, பேசுகிறவர்களுக்கு வணக்கமும் சொல்லிக்கொண்டு வருவார். பேசியவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

வீரபாண்டித் திருவிழா முடிந்த சமயம் என் வண்டி கத்த ஆரம்பித்தது. முன்பிரேக்கைப் பிடித்தால் போதும், கிரீச்சென்று மலைக்கே கேட்கும். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் செடிகளுக்குள் இருந்தபடியே, “கிரீச்சு சார் வந்துட்டாக” என்று சொல்லிச் சிரிப்பது என் காதில் விழும். எனக்கு வீம்பு அதிகம். வண்டி கெட்டுவிட்டதே என்ற கவலையைவிட, பட்டப்பெயர் வந்துவிட்டதே என்ற கவலைதான் என்னைத் தின்றது. “தம்பி, வண்டி என்னமோ சொல்லுது. என்னன்னு கேளுங்க” என்று சிஸ்டர் தினமும் பின்னால் இருந்து சொல்வார். “பழைய வண்டி சிஸ்டர், முணங்கத்தான் செய்யும்” என்பேன் நான். வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். தொட்டில் கட்ட உத்தரத்துக் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தவன், தினமும் மலையிறங்குகிற வண்டியின் சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. கதவு கத்தினால் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம். பிரேக் கத்தினால்? மனைவியின் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து, பஞ்சில் நனைத்து, முன்சக்கரத்தில் பிரேக் கவ்விப் பிடிக்கிற வட்டத்தட்டின் இரண்டு பக்கமும் பளபளவென்று தடவினேன். மலையேறும்போது பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை, கியரைக் குறைத்தாலே போதும். அங்கங்கே தொட்டபோதும் சத்தமே இல்லை. நானாகவே விசிலடித்துக்கொண்டு போனேன். அன்று ஒருத்தியும் கிரீச்சு சார் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கிளம்புகிற நேரம். கீழே போகிற ஜீப்பில் வேலைக்காரப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியைக் கிளப்பிவிட்டு நிற்க, சிஸ்டர் ஏறாமல் கேட்டார்.

“காலையில இருந்து சத்தத்தக் காணோமே. என்ன பண்ணுனீக?”

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெருமை பாதி கரைந்தது.

“இருமுறான்னு வாயப் பொத்துனா இருமல் போயிருமா தம்பி?”

பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். புடவையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே குந்தி, தொண்டைக்குள் பார்ப்பதுபோலவே தலையைச் சாய்த்து, அந்த இரும்புக் கவ்விக்குள் வெளிச்சத்தை அடித்தார். “உள்பக்கத்துல ஒண்ணுமே இல்ல. பல்லெல்லாம் தேஞ்சு ஈறுதான் இருக்கு. நான் ஏறமாட்டேன், நீங்களும் போகக்கூடாது” என்றார். ஜீப்பில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊசி போடுகிறவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அதைச் சொல்லவும் சொன்னேன். சொல்லிவிட்டு அவரை விட்டு ஒற்றையாளாகவே கிளம்பினேன்.

மருந்தகத்திலிருந்து தோட்டத்து வாசலுக்கு ஒரு சின்ன இறக்கம், ஐம்பது அடிகூட இருக்காது. வாசலில் மூங்கில் தடுப்பு. வழக்கம்போல முன்பிரேக்கைப் பிடித்தேன். பிடி கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். வழுக்கிக்கொண்டே போனது. பின்பிரேக்கை மிதித்ததில் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மூங்கிலில் முட்டி, நானும் வண்டியும் சேர்ந்து செம்பருத்தி வேலிக்குள் விழுந்தோம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த மூங்கிலுக்கு அப்பால் வளைவுக்கு மேல் வளைவாக இறங்குகிற மலைப்பாதை இருந்தது. வேலிக்குள் கிடந்தபடி அதைத்தான் பார்த்தேன்.

சிஸ்டர் ஓடிவந்து முதலில் வண்டிச் சாவியை உருவித் தன் பைக்குள் போட்டார். பிறகுதான் முழங்கையைப் பார்த்தார். “ப்ரேக் இல்லாதே எங்ஙனே இறங்கும் சாரே?” என்று ஜீப் ஓட்டும் மலையாளத்துச் சேட்டன் கேட்டார். பதினைந்து பெண்கள் நெருக்கியிருந்த ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு மலையிறங்கினேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் துண்டை நீட்டி, “கையில சுத்திக்கோங்க சார்” என்றாள்.

மறுநாள் கம்பத்தில் புதுப் பிரேக் கட்டைகளை வாங்கிக்கொண்டு ஜீப்பிலேயே ஏறினோம். எப்படி மாட்டுவது என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, சிஸ்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார். மதியம் நோயாளிகள் போனபின் மருந்தக வாசலில் வேலை நடந்தது. போல்ட்டுகளைக் கழற்றிக் கவ்வியை வெளியே எடுத்தேன். பழைய கட்டைகள் கையில் வந்தபோதுதான் எனக்கு உண்மை உறைத்தது. வெளிப்பக்கக் கட்டையில் இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. உள்பக்கத்தது வெறும் இரும்புத் தகடு. அந்த இரும்பு வட்டத்தட்டில் உரசித்தான் அத்தனை நாள் கத்தியிருக்கிறது. ஊசி போடும் இடத்தைத் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, சிஸ்டரே தட்டில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடவில்லை. நான் கையை நீட்டினால் ஸ்பேனர் வந்து விழுந்தது.

புதுக் கட்டை தடிமனானது. இடம் விட வேண்டும் என்று, கட்டையை நெருக்குகிற பிஸ்டனைக் கவ்விக்குள் அழுத்தித் தள்ளினேன். எல்லாம் மாட்டி முடிந்ததும் உடனே கிளம்பப் பார்த்தேன். சிஸ்டர் சீட்டைக் காட்டினார். வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக்கைப் பலமுறை அழுத்தி, பிஸ்டன் திரும்ப வந்து பிடி கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நான்கு தடவையும் பிடி பொதக்கென்று உள்ளே போனது. சிஸ்டர் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பதில் கெட்டிப்பட்டது. அந்தச் சீட்டு இல்லையென்றால் அன்றும் மூங்கிலில்தான் முட்டியிருப்பேன். அன்று சாயங்காலம் அவர் ஏறி உட்கார்ந்தார், நடுவே மதில் போலப் பையோடு. மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்கிக்கொண்டு இறங்கினேன். பத்து நாள் கழித்து மகள் பிறந்தாள்.

வெகுநாள் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள் என்று. “எங்க நிச்சயம்? அதுக்குள்ள எது கட்டை, எது தகடுன்னே எனக்குத் தெரியாது. என் பேச்சு தப்புன்னா நீங்க ஒருநாள் ஜீப்புல வருவீக. சரின்னு இருந்து நீங்க போயிட்டா, வீட்டுல மாசமா இருக்குற அந்தப் புள்ள தனியா நிக்கும். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார். தெரியாத விஷயத்துக்காக ஊர் பார்க்க அடம் பிடித்து, என்னிடம் பேச்சும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்கிறேன்.

போன மாதம் மகளை அழைத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். புது வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து அவள்தான் ஓட்டி வந்தாள். சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். காது மந்தம், நாம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. வீட்டுப் பந்தலில் திராட்சை அறுத்துக் கொடுத்தார், மகளின் தொண்டையைப் பார்க்காத குறையாக எல்லாவற்றையும் விசாரித்தார். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தவர் வண்டியைப் பார்த்தார்.

“சத்தம் ஏதும் வருதா ஆத்தா?”

“அதெல்லாம் இல்ல அத்தை, புது வண்டி” என்றாள் மகள் உரக்க.

சிஸ்டர் உள்ளே போனார். பிளாஸ்திரி சுற்றிய அந்த டார்ச்சோடு திரும்பி வந்து, அதை மகளின் கையில் கொடுத்து முன்சக்கரத்தைக் காட்டினார்.

“குனிஞ்சு பாரு ஆத்தா. உங்கப்பாவுக்கு அன்னைக்கும் சத்தம் வரல.”