நாலு மணிக்கே இருட்டும் ஊரில் ஒரு மாடியறை

இங்கிலாந்தின் பர்மிங்காமில் எங்கள் தெருக் கடைகளின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: பள்ளிப் பிள்ளைகள் ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே உள்ளே வரலாம். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. வள்ளியூரில் பள்ளி விட்டதும் தேன்மிட்டாய்க்கு முண்டியடித்து வளர்ந்தவள் நான். கொஞ்ச நாள் கவனித்த பிறகுதான் புரிந்தது. வெள்ளைப் பிள்ளைகள் நாலு பேராக நுழைந்தால் அந்தக் காகிதம் யார் கண்ணிலும் படுவதில்லை. கறுப்பினப் பெண்பிள்ளைகள் மூவர் சிரித்துக்கொண்டே வந்தால் உடனே ஒரு விரல் அதை நோக்கி நீளும். அப்படி நீட்டுபவர்களில் ஒருவர், எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் ராதாபுரத்து அண்ணாச்சி. நிறத்தில் அவரும் நானும் அந்தப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஊரில் என் பட்டப்பெயரே கருவாச்சி. நாமும் கறுப்புதானே என்றால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மார்சியா, ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்தவள். அண்ணாச்சி கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையை அவள் கேட்டாள். "எங்கள் பெண்களின் தலைமுடியைப் பார்த்தாலே பள்ளியில் முகம் சுளிக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தால் அடங்காதவள் என்கிறார்கள். குரலைக் குறைக்காமல் இருக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்" என்றாள். அங்கே படிக்கலாம், ஆடலாம், தலை பின்னலாம், சும்மாவும் கிடக்கலாம். ஊர்க்காரி என்பதால் தூது போனது நான்.

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "அறையத் தாரேம்மா. ஆனா ஒண்ணு. பொம்பளப் பிள்ளைய விளக்கு வைக்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும். நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாவ?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அப்படியே மார்சியாவிடம் போய்ச் சொன்னேன்.

"எந்த விளக்கு? தெருவிளக்கு பழுதா?" என்று கேட்டாள். அந்தி, சாமி விளக்கு என்று விளக்கினேன். முதலில் சிரித்தாள். பிறகு, "டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு இருட்டிவிடும். பள்ளி விடுவதே மூன்றரைக்கு. படியேறி உடனே இறங்கவா அறை?" என்றாள். வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை, பூட்டிய வீட்டில் தனியாக இருக்க மனமில்லாமல் பேருந்து நிறுத்தத்தில் குளிரில் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். இருட்டிய பிறகுதான் அவர்களுக்கு அந்த அறையே தேவை.

வீட்டுக்கு நடக்கும்போது பழையதெல்லாம் வந்தது. பள்ளியில் நான் கோ-கோ விளையாட்டு நன்றாக ஆடுவேன். மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். பயிற்சி முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து வர இருட்டிவிடும் என்று அப்பா நிறுத்திவிட்டார். பள்ளியில் பாபநாசம் கூட்டிப்போனபோதும் பொழுது சாய்கிறது என்று பெண்பிள்ளைகள் எங்களை முதலில் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆண்பிள்ளைகள் இன்னொரு முறை ஆற்றில் இறங்கி ஆட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். அன்று எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து, பர்மிங்காம் நடைபாதையில், கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, இருட்டுனா பொம்பளப் பிள்ளையள அடைச்சி வச்சோம். இருட்டுல நின்னு வம்பு பண்ணுத பயலுவள என்னைக்காவது வீட்டுக்குப் போங்கலேன்னு வெரட்டுனோமா?"

"அது நம்ம ஊரு வழக்கம்லா."

"இங்கன இருட்டு நாலு மணிக்கே வருது. வழக்கத்தப் பாத்தா இந்தப் பிள்ளைய எப்ப வாழுதது?"

அவர் ரொட்டிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். போச்சு, காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "ஏழு மணி. அதுக்கு மேல கேக்கப்படாது. படியில பல்பு கெடையாது, போட்டுத் தாரேன்" என்றார்.

இப்போது டிசம்பர். மாடியில் ஆட்டமும் பாட்டுமாகத் தரை அதிர்கிறது. கீழே பால் வாங்க வருபவர்கள் நிமிர்ந்து பார்த்தால், அண்ணாச்சி "பிள்ளைய ஆடுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சில்லறை தருகிறார்.

நேற்று நானும் மேலே இருந்தேன். மார்சியா ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கறுத்தது. என் கால்கள் தாமாக எழுந்தன, கை கோட்டைத் தேடி எடுத்து மாட்டத் தொடங்கியது.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள் ஆன்ட்டி? இப்போதுதானே வந்தோம்?" என்றாள் அந்தப் பெண்.

என்னைத் தேட வீட்டில் யாருமில்லை. "பொழுதடைஞ்சிட்டே" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. கோட்டில் ஒரு கை நுழைந்திருக்க, மறு கை வெளியே கிடக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.