மீன் எண்ணெய் மாத்திரை

மகளுக்குப் பரீட்சை. ஞாபகசக்திக்கு என்று என் மனைவி சிதம்பரத்தில் வாங்கிவந்த மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். குப்பென்று மத்தி வாடை!

கடலூர் துறைமுகத்தில் அப்பா கூடை கூடையாக மத்தி இறக்குவார். நான் பத்தாவது பரீட்சை எழுதிய மாதம், அம்மா ஒரு துண்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. "மீன் தின்னா மந்தம்டா, படிச்சது தங்காது" என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டு, வல்லாரைப் பொடியைத் தேனில் குழைத்து வாயில் திணித்தாள். கணக்குப் பரீட்சையில் பக்கத்து வீட்டு மீன்குழம்புதான் ஞாபகத்துக்கு வந்தது. ஃபெயில். "பொடி பத்தல" என்றாள் அம்மா. எங்கே போய் முட்டிக்கொள்வது?

"பேசாம மத்தியே வாங்கியாரட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பரீட்சை நேரத்துல மீனா? புள்ளைக்கு மந்தமாயிடும்" என்று முறைத்துவிட்டு, மகளிடம் மாத்திரையை நீட்டினாள்.