விஜயதசமியில் மக்கர் செய்த பிரிண்டர்

எங்கள் வீட்டு பிரிண்டருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. வேலை கிடைத்து பெங்களூரு போனபோது அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிரிண்டரை எங்களிடம் விட்டுவிட்டாள். வயர் இல்லாமல் வைஃபையில் ஓடும் ரகம் என்பதால் போனிலிருந்தே அதற்கு வேலை கொடுத்துவந்தோம். ரயில் டிக்கெட், ஆதார் நகல், அவ்வளவுதான். ஆனாலும் அது என் பொறுப்பில் இருந்த இயந்திரம். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மெயின்டெனன்ஸ் பிட்டராக இருந்தவன் நான். எந்த மிஷின் நின்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தலைக்கனம் எனக்கு இறங்கவில்லை.

என் மனைவி கர்நாடகத்து ஹனூர் பக்கம் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஆறு வருடமாக வீட்டில் கொள்ளுப் பொடி செய்து ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவந்தாள். அந்த ஆள் அதைத் தன் கடைப் பெயர் போட்ட கவரில் அடைத்து விற்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "சும்மா பொழுது போகணுமில்ல, பண்ணறா" என்பேன். அவளும் அதைக் கேட்டுக்கொண்டேதான் கொள்ளை வறுத்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரர் அந்தப் பொடியைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, செய்தது யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். "உங்க பேரிலேயே கொடுங்கம்மா. விஜயதசமி அன்னிக்குப் புது வரிசை ஆரம்பிக்கிறேன். அறுபது பாக்கெட் வேணும். பத்தரைக்குள்ள வந்துடணும்" என்று போனில் சொல்லியிருந்தார். தசரா ஊர்வலத்துக்காக அதற்குமேல் அந்தப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவருடைய பொடி காத்திருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

உணவுப் பொருள் விற்கும் லைசென்ஸை அவளே அலைந்து வாங்கினாள். லேபிளை மகள் வடிவமைத்துப் போனுக்கு அனுப்பினாள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொடியின் பெயர், அதற்குக் கீழே 'தயாரிப்பு' என்று என் மனைவியின் முழுப் பெயர். ஒரு தாளில் பன்னிரண்டு லேபிள் என்று ஐந்து ஸ்டிக்கர் தாள் வாங்கி வைத்தோம். ஆயுத பூஜைக்கு முன்பே அடித்து வைத்திருக்கலாம். முதல் லேபிள் விஜயதசமி காலையில்தான் வரவேண்டும் என்றாள் அவள். "பத்து நிமிஷ வேலை. விடியட்டும்" என்றேன் நான். பூஜை நாளில் மிக்ஸி, ஸ்கூட்டர், பிரிண்டர் மூன்றுக்கும் குங்குமம் வைத்து, பூ போட்டு, ஓய்வு கொடுத்தோம்.

விடிந்தது. ஏழரை மணிக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, போனில் லேபிளைத் திறந்து பிரிண்ட் பட்டனைத் தொட்டேன். 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்றது போன். பிரிண்டரோ நெற்றியில் குங்குமத்தோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

நான்கு நாள் முன்புதான் வீட்டில் ரவுட்டரை மாற்றியிருந்தார்கள். அதனால் பிரிண்டரிடம் புது வைஃபையை அறிமுகப்படுத்த வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலைதான். பிரிண்டரில் இரண்டு வரி மட்டும் காட்டும் ஒரு சின்னத் திரை உண்டு. அம்பு பட்டன்களை அழுத்தி மெனுவுக்குள் போய், அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடச் சொன்னேன். எதிர்வீடு வந்தது, மாடிவீடு வந்தது, மூலைவீட்டு டாக்டருடையதுகூட வந்தது. இடையில் வெறும் கேள்விக்குறிகளாக ஒரு வரி. ஏதோ குப்பை என்று அதைத் தாண்டிப் போனேன். எங்கள் வைஃபை மட்டும் வரவே இல்லை.

அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிரிண்டரைத் தூக்கி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பழைய பிரிண்டர்களுக்குப் புது ரவுட்டரின் வேகமான அலைவரிசை ஒத்துவராது என்று படித்திருந்தேன், அதனால் அதையும் நிறுத்தினேன். பிரிண்டரின் பழைய நினைவு மொத்தத்தையும் அழித்தேன். மணி எட்டே முக்கால். கோபம் தலைக்கேறியது.

"நேத்து மஞ்சத்தண்ணி தெளிச்சது நீதான? உள்ள எறங்கிருச்சு. போச்சு!" என்று கத்தினேன்.

"மிக்சிக்குந்தான் தெளிச்சேன். அது ஓடுதுங்களே" என்றாள் அவள். குரல் உயரவில்லை. கை மட்டும் பாக்கெட்டுகளைச் சீல் வைத்துக்கொண்டே இருந்தது. பிரிண்ட் கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து சொன்னேன், "பேசாம கையில எழுதி ஒட்டிக் குடுத்துரலாம்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆறு வருசம் அடுத்தவங்க பேருல போச்சுங்க. மொத மொதல்ல எம்பேரு போறப்ப கிறுக்கி ஒட்டச் சொல்றீங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒரு வரியையும் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். கேள்விக்குறி வரியில் நின்றாள்.

"ஏனுங்க, எதுத்த வூட்டுக்கு ரெண்டு கோடு. டாக்டர் வூட்டுக்கு ஒரு கோடு. இந்தப் பேரில்லாத வூட்டுக்கு மட்டும் ஏன் நாலு கோடும் நிறைஞ்சிருக்குது?"

பக்கத்திலிருந்து வரும் சிக்னல்தான் நாலு கோடு காட்டும். நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்துபோய் ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மறுபடி தேடச் சொன்னாள். கேள்விக்குறி வரி காணாமல் போயிருந்தது. சுவிட்சைப் போட்டு, ரவுட்டரின் விளக்குகள் அடங்கும்வரை பொறுத்து, மறுபடி தேடினோம். வந்துவிட்டது.

"அது நம்ம வூடுதானுங்க" என்றாள்.

ஒன்றை நிறுத்திப் பார், எது போகிறது என்று கவனி. தொழிற்சாலையில் இந்தப் பாடத்தை எத்தனை பேருக்கு நடத்தியிருப்பேன்! அன்று காலை அது எனக்குத் தோன்றவில்லை. ரவுட்டரை நானும்தான் அணைத்துப் போட்டேன், ஆனால் அணைந்திருந்த நேரத்தில் திரையைப் பார்க்கவில்லை. எரிச்சலில் பட்டனைத் தட்டுவதையே வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் அவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. அது ஏன் கேள்விக்குறியானது என்பது அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது, முகம் சூடாகிப்போனது. புது ரவுட்டர் போட வந்த பையனிடம் வைஃபைக்கு நான்தான் பெயர் வைத்தேன். 'நம்ம வீடு' என்று சுத்தத் தமிழ் எழுத்தில். எங்கள் தெருவில் தமிழில் ஓடும் ஒரே வைஃபை எங்களுடையதுதான் என்று மகளுக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். புதுப் போன்களுக்குத் தமிழ் தெரியும். பத்து வருடத்துக்கு முந்திய பிரிண்டருக்கு ஆங்கில எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தோம். ஒட்டவில்லை. பெயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. எனக்கு மனசே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "தமிழ்ல வெச்சதுங்கம்மிணி..." என்று இழுத்தேன்.

"தமிழ நம்ம பேசிக்கலாம். அதுக்குப் புரியறத எழுதுங்க" என்றாள். மறுபேச்சு பேசாமல் அதே பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினேன்.

பாஸ்வேர்டை அம்பு பட்டனால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் போட வேண்டும். நான் வாசித்தேன், அவள் அழுத்தினாள். ஒருமுறை சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து விழுந்து முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. ஒன்பது பத்து. கரகரவென்று சத்தம் போட்டபடி முதல் தாள் வெளியே வந்தது. பன்னிரண்டு தடவை அவள் பெயர். அவள் அதை வாங்கி மை காயும்வரை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். டிக்கெட், ஆதார் போன்ற காகிதங்களை விட்டால், கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயரை அச்சில் நான் பார்த்தது அன்றுதான். பத்திரிகையிலும் அது என் பெயருக்குக் கீழேதான் இருந்தது.

வெட்டினோம், ஒட்டினோம். இரண்டு பெரிய பைகளில் அடைத்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். மார்க்கெட் பக்கம் தடுப்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். என் மனைவி பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை நீட்டி லேபிளைக் காட்டி, "நந்தே சார், அங்கடிகே" என்றாள். என்னுடையதுதான், கடைக்குப் போகிறது என்று கன்னடத்தில். அவர் பாக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விட்டுவிட்டார். பத்து இருபதுக்குக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்காரர் அவளை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததில்லை. அவள் புது அலமாரியில் பாக்கெட்டுகளை ஒரே வரிசையாக, பெயர் வெளியே தெரியும்படி அடுக்கத் தொடங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்ற என்னைப் பார்த்து அவர், "நீவு அவரிகே ஏனாகபேக்கு?" என்று கேட்டார். நீங்க அவங்களுக்கு என்ன ஆகணும் என்கிறார்.

கணவன் என்று சொல்லியிருக்கலாம். அது முப்பத்தோரு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, "அவங்ககிட்ட வேலை பாக்கறேன் சார். மிஷின் செக்ஷன்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

அவர் நம்பிவிட்டார். "ஓ, ரொம்ப வருஷமாவா?" என்று கேட்டார்.

அலமாரிப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே அவள் பதில் சொன்னாள்: "இல்ல சார். இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கார்."