ஹெல்மெட்டுக்குள் ஒரு ஆள்

பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து, பத்தமடைப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டில் ஒரு ஆள் கேட்பார், பள்ளியில் அறுபது பிள்ளைகள் கேட்கும். ஹெல்மெட்டை மாட்டி வண்டியை எடுத்துவிட்டால் கேள்வி கிடையாது. போக நாற்பது, வர நாற்பது. ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அவ்வளவுதான். இதைத்தான் என் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பறிக்கப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனுஷன். அடுக்களையில் கடுகு டப்பாவைக் கண்டுபிடிக்க அவரால் முடியாது. நான் மேலப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் போன் அடிக்க ஆரம்பிக்கும். எடுக்க மாட்டேன். வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை என்னைப்போல் ஆசையாக மதித்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். பள்ளி வாசலில் இறங்கிப் பார்த்தால் ஏழெட்டு அழைப்பு கிடக்கும். திருப்பிக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்ல, கெடச்சிட்டு" என்பார்.

பாசத்தில் கூப்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள். பாசமெல்லாம் இல்லை. சல்லடை எங்கே என்று கேட்கத்தான்.

வழியில் எனக்கு ஒரு அவசரம் என்றால் என்ன செய்வது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரில் பாதிப் பேர் செய்வதுபோலப் போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்ளும்படி பக்கத்து வீட்டம்மா யோசனை சொன்னாள். எனக்கு அவ்வளவு கன்னம் இல்லை என்று தப்பித்தேன்.

அவர் ஹேண்டில்பாரில் மாட்டும் ஸ்டாண்டு ஒன்று வாங்கி வந்தார். முன்னீர்பள்ளம் வேகத்தடையில் போன் எகிறி ரோட்டில் விழுந்தது. திருகாணியை நான் சரியாக முறுக்கவில்லை என்றார். உண்மைதான், முறுக்கவே இல்லை. அடுத்தது கழுத்தில் மாட்டிக் காதில் செருகும் இயர்போன். சார்ஜ் போட மறந்துவிட்டது என்று ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாம் நாள் அவரே சார்ஜ் போட்டுக் காலையில் என் கழுத்தில் மாலைபோல் மாட்டிவிட்டார். காது அரிக்கிறது என்றேன். சாயங்காலம் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தார். இந்த அக்கறையில் கால்வாசியைக் கடுகு டப்பாவிடம் காட்டியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும்.

கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு போன் கடைக்குப் போனார். கடைக்கார அண்ணாச்சி ஹெல்மெட்டுக்குள் ஒட்டவைக்கும் ப்ளூடூத்தை எடுத்து வைத்தார். காதுப் பக்கம் இரண்டு வட்டமான ஸ்பீக்கர், வாய்க்கு நேராக ஒரு மைக். தலை என்னுடையது, ஆனால் அவர்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டார்கள்.

"டீச்சர் தொடவே வேண்டாம் சார். நாலு தடவை மணி அடிக்கும், அதுவே எடுத்துக்கிடும்."

"நான் எடுக்க வேண்டாம்னு நெனச்சா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே டீச்சர்" என்றார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் என் தலைக்குள் குடிவந்தார். நாலு தடவை மணி அடிக்கும், பிறகு இரண்டு காதிலும் அவர் குரல். மோட்டார் சுவிட்ச் எது, காபி வடிகட்டி எங்கே, இட்லித் துணி எங்கே. வாசலில் நின்று கேட்டால் உள்ளேயாவது போய்விடலாம். ஹெல்மெட்டுக்குள் எங்கே போவது? லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டிவைக்க எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு வந்து சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பத்தமடைக்கு முந்தின வளைவில் வந்துகொண்டிருந்தேன்.

"ரவை எங்கட்டி வச்சிருக்க?"

"ரெண்டாவது தட்டு, நீல டப்பா."

"நீல டப்பால உப்புல்லா இருக்கு."

"அதுக்குப் பின்னால கைய விட்டுப் பாருங்க."

என் கை இரண்டும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன. கண்ணும் ரோட்டில்தான் இருந்தது. நான் மட்டும் அடுக்களையில் இரண்டாவது தட்டு முன்னால் நின்று டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தேன். ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு வாத்துக் கூட்டம் கடந்துகொண்டிருந்தது. தெரிந்தபோது முன்சக்கரத்துக்கும் முதல் வாத்துக்கும் ஒரு முழம் இருக்கும். பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சறுக்கி ஓரத்து மண்ணில் சாய்ந்தது. நான் காலை ஊன்றி நின்றுவிட்டேன். வாத்துகள் கத்திக்கொண்டு நாலா பக்கமும் சிதறின.

வாத்து மேய்க்கிறவர் கம்பும் துண்டுமாக வந்தார். தூரத்திலிருந்தே துண்டை வீசிக் காட்டியிருக்கிறார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன்.

"பாத்துக்கிட்டேதான யம்மா வந்திய. பெறகு எப்படித் தெரியாம போச்சு?"

சாய்ந்த வண்டியை நிமிர்த்தினேன். காதுக்குள் இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏட்டி, அங்கன என்ன சத்தம்?" மறுபடியும், "ஏட்டி." மூன்றாவது தடவை குரல் மாறியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கொஞ்சம் தேடட்டும் என்று இருந்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"வாத்து. ஒண்ணும் சாகல. நானும் சாகல" என்றேன் பிறகு. வாத்து மேய்க்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெல்மெட்டைக் கழற்றி, ஸ்பீக்கர், வயர், மைக் எல்லாவற்றையும் பிய்த்து சீட்டுக்கு அடியில் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுக்களைத் தரை முழுக்க டப்பா. எல்லாவற்றுக்கும் மூடி திறந்து கிடந்தது. நடுவில் என் வீட்டுக்காரர் நின்றார். ஏழாவது டப்பாவில் ரவை கிடைத்ததாம்.

"தொறந்து பாத்தா எல்லாம் இங்கனதான் இருக்கு" என்றார், புதிதாகக் கண்டுபிடித்ததுபோல.

மறுநாள் வழியில் போன் அடிக்கவில்லை. ரோட்டோரக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது திறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் நாற்று நட்டே முடித்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன்.