நாலு பக்கமும் உட்கார்ந்து தைத்த துணி

அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது அத்தான் என்னைத்தான் கைகாட்டினார்கள். "நீதான் அழுவாம எழுதுவே" என்றார்கள். அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரியவில்லை. ஆனால் அக்காவைப் 'பொறுமையின் சிகரம்' என்று எழுத மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தில்தான் எங்கள் குடும்பம் கரையேறியது.

அக்கா பிறந்தது காரைக்காலில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே தெருவில். அப்பா தையற்காரர். அவர் திடீரென்று காலமானபோது அக்கா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார்கள். தையல் மிஷினை விற்றுவிடலாம் என்று உறவில் சிலர் யோசனை சொன்னார்கள். அக்கா மிஷினுக்கு எண்ணெய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தம்பியின் படிப்பு, என் படிப்பு, அம்மாவின் வைத்தியம் எல்லாம் அக்கா மிதித்த மிதியில் ஓடியவை. எங்களை ஆளாக்கிய பிறகுதான் கல்யாணத்துக்கே சம்மதித்தார்கள். வரிச்சிக்குடிக்காரரான அத்தான் இங்கே வந்து தங்கியபோது, வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் கேலி பேசியது. "மிஷின் இருக்கிற எடத்துலதான் அவ இருப்பா. அவ இருக்கிற எடத்துல நான் இருக்கேன், ஒங்களுக்கு என்னங்க?" என்று அத்தான் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

எழுபதுகளின் நடுவில், தைத்து மிஞ்சிய வெட்டுத் துணிகள் வீட்டில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. அக்கா பழைய பருத்திப் புடவைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே அந்தத் துண்டுகளை உருவங்களாக வெட்டி வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு ஒரு போர்வை செய்தார்கள். அதில் இருப்பது மீனா, கப்பலா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பங்குச் சாமியார் கோவிலை ஒட்டிய அறையின் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் அந்த அறையில் ஊசிகளை விட வாய்கள்தான் அதிகம் வேலை செய்தன. அத்தான் அதற்கு ஒட்டுத்துணிச் சங்கம் என்று பேர் வைத்தார்கள்.

சங்கத்தில் ஒரே ஒரு சட்டம். கொண்டுவந்த துணியை எல்லாம் நடுப்பாயில் கொட்டிவிட வேண்டும். கொட்டியது எல்லாருக்கும் பொது. நல்ல பட்டுத் துண்டை மடியில் ஒளித்து வைக்கக் கூடாது. ஒளித்தவர்களை அக்கா சும்மா விட்டதில்லை. "ஒன் துண்டு அவ கையில போனா என்னவா மாறுதுன்னு பாரேன்" என்பார்கள்.

இளஞ்சியம் அக்கா நெடுங்காட்டில் நடவும் அறுப்புமாக வயல் வேலை செய்தவர். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் கீழே கிடந்த பச்சைத் துண்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வேல இல்லாட்டி வந்துடு" என்றார்கள். அன்றிலிருந்து பேருந்து பிடித்து வந்தார். இருவரும் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. பச்சைக்குப் பக்கத்தில் ஊதா வைக்கலாமா என்று ஒரு மாதம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஆனால் அவர் வராத வாரம் அக்காவுக்கு எந்தத் தையலும் பிடிக்காது, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி நடப்பதாகத் தெரிந்தது. எல்லாரும் சேர்ந்து 'எங்கள் ஊர்' என்று பெரிய துணி ஒன்றைத் தைப்பது என்று முடிவானது. அறை முழுக்க விரித்து நாலு பக்கமும் உட்கார்ந்தார்கள். அக்காவும் ரெஜினா அக்காவும் ஒரு பக்கம் கோவிலையும் தெருவையும் தைத்தார்கள். எதிர்ப்பக்கம் இளஞ்சியம் அக்கா வாய்க்காலையும் மதகையும் நடவுப் பெண்களையும் தைத்தார். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் அம்பகரத்தூர்த் திருவிழாவுக்குப் போகும் பேருந்து. வாராவாரம் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்தார்கள். முடிந்ததும் சுருட்டி வைத்தார்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அதைச் சுவரில் மாட்டிய பிறகுதான் விஷயம் உறைத்தது. அவரவர் தாம் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி தைத்திருக்கிறார்கள்! கோவில் நேராக நின்றது. கடல் செங்குத்தாக நின்றது. பேருந்து சுவரேறிக்கொண்டிருந்தது. நெடுங்காட்டு நடவுப் பெண்கள் உச்சியில் தலைகீழாகத் தொங்கினார்கள். முதலில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கண்காட்சிப் பொறுப்பாளர் சிரிக்கவில்லை. "பக்கவாட்டுல இருக்கிறதுகூடப் பரவாயில்லீங்க. மேல தலைகீழா இருக்கிறத மட்டும் மடிச்சுத் தச்சிடுங்க. இல்லாட்டி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். ரெஜினா அக்கா, "ஆமாங்கக்கா, அது ஓரந்தானே" என்றார். கூட இருந்த சிலரும் தலையாட்டினார்கள். இதை எழுதுவதற்கு ரெஜினா அக்கா கோபிக்க மாட்டார். அவரே பின்னாளில் எல்லாரிடமும் சொன்ன கதைதான்.

இளஞ்சியம் அக்கா முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் சிரித்த மாதிரியே, "என்னோடத மடிச்சிடுங்கக்கா. நான் ஒருத்தி இல்லாட்டி என்ன கொறஞ்சிடப் போவுது?" என்றார். அவர் துணியை மட்டும் சொல்லவில்லை என்று எனக்கே புரிந்தது. மடித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார்.

அக்கா முக்காலியில் ஏறித் துணியைக் கழற்றினார்கள். வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளை இழுத்து வந்து கூடத்தின் நட்டநடுவில் சேர்த்துப் போட்டு, அதன்மேல் விரித்தார்கள். நடுவில் வழி விடவேண்டும் என்று பொறுப்பாளர் கத்தினார். "சுத்திப் போவட்டுங்க. சுத்திப் பாக்கத்தான் தச்சிருக்கோம்" என்றார்கள் அக்கா. பிறகு ரெஜினா அக்காவின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். "இப்ப சொல்லு. யாரு தலைகீழா இருக்கா?"

ரெஜினா அக்கா தலைகீழாகக் கிடந்த தன் வீட்டைப் பார்த்தார். இன்னொரு பெஞ்சை இழுத்து வரப் போனார்.

மறுநாள் ஜனங்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நெடுங்காட்டிலிருந்து வந்த பெண்கள், "ஏடி, நம்ம மதகு!" என்று கூவினார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. அக்கா அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் எங்கள் எல்லார்மேலும் எரிந்து விழுந்தார்கள் என்பதுதான் உண்மை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இளஞ்சியம் அக்கா வந்தார். உள்ளே நுழையும்போதே ஊதா நிறத்தைப் பற்றிச் சண்டையை ஆரம்பித்தார்.

போன ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மருந்துக்கும் மருத்துவருக்கும் அக்கா பணியவில்லை. ஊசி போட வந்தவரிடமே அவர் சட்டைத் தையல் கோணல் என்று சொன்னார்கள். நடவுக் காலத்தில் வேலையை விட்டுவிட்டு இளஞ்சியம் அக்கா தினமும் வந்து உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டார். ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ், "நீங்க இவங்களுக்கு என்ன ஒறவுங்க?" என்று கேட்டார். இளஞ்சியம் அக்கா, "ஒறவெல்லாம் இல்லீங்க, பழக்கந்தான்" என்றார்.

தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்த அக்காவுக்கு வந்ததே கோபம்! "தங்கச்சின்னு சொல்லேன்டி. வாயில என்ன வச்சிருக்கே?" என்றார்கள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் மன்னிக்கவும்.

அக்காவின் நோயில் துணைநின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், கடைசி வரை வந்து செபித்த பங்குச் சாமியார், அடக்கத்தில் தோள் கொடுத்த தெருவார், வரிச்சிக்குடி உறவினர்கள், இப்போது பிரான்சில் இருந்தாலும் சங்கத்துக்குத் துணிப் பொட்டலம் அனுப்பத் தவறாத ரெஜினா அக்கா, இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் தோழிகள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குடும்பத்தாரின் பெயர்களை அச்சுக்குக் கொடுத்தபோது, இளஞ்சியம் பெயரை நண்பர்கள் என்ற இடத்தில் போட்டால் போதுமே என்று உறவில் பெரியவர் ஒருவர் சொன்னார். அவருக்கு என் பணிவான வணக்கம். கடைசிப் பக்கத்தில் 'தங்கைகள்' என்ற இடத்தில் முதலில் இளஞ்சியம் என்ற பெயரும், அதன் கீழே என் பெயரும் இருக்கும். அச்சுப் பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். வயதில் அவர் எனக்கு மூத்தவர்.